பிள்ளைகளோடு கடலுக்குப் போவோம்

(அன்புவழிபுரத்தில் எமது மன்ற ஆண்டு விழாவிலே இளைஞர் சார்பில் நிகழ்த்திய பேச்சு)



விழா மேடையிலே இளைஞர் எழுந்தால் மொழி, கலை, ஒழுக்கம், கல்வி என்பனவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றிலும் சிறியது போலத் தோன்றலாம். கோடை விடுமுறையிலே பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது, அங்கே அவர்கள் எதற்கு அஞ்சுகின்றார்கள், அவர்களுக்குப் பக்கத்திலே நிற்கும் நாம் எதற்கு அஞ்சுகின்றோம் என்பதே அப்பொருள். இது சிறிய விஷயமன்று என்பது எமது எண்ணம். காரணத்தைச் சொல்லுகின்றோம்.

திருகோணமலையிலே பிறந்தவர்களுக்குக் கடல் புதிய பொருளன்று. ஒருபுறம் உலகப் புகழ்பெற்ற எமது உட்துறைமுகம். மறுபுறம் கோணேசர் மலையின் அடியிலே மோதும் பெருங்கடல். வடக்கே நீண்டு கிடக்கும் உப்புவெளி, நிலாவெளிக் கரைகள். ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தப் பெருமான் கோணேசரைப் பாடியபோது, இந்தக் கடலின் ஒலியையும் அது கரையிலே கொண்டுவந்து சேர்க்கும் செல்வத்தையும் பாடாமல் விடவில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களிலே கடல் குளம் போலக் கிடக்கும். அந்நாட்களில் எங்கெங்கோ உள்ள நாட்டவர்கள் ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்து, எமது கடலிலே நீந்தி மகிழ்கின்றார்கள். எமது பிள்ளைகளோ மணலிலே நின்று பார்க்கின்றார்கள். கணுக்கால் நனைந்ததும் “தூரப் போகாதே!” என்ற குரல் பின்னாலிருந்து கேட்கும். பிள்ளை திரும்பி ஓடிவரும். கடற்கரையிற் பிறந்து நீந்தத் தெரியாத ஒரு தலைமுறை எம்மூரிலே வளர்ந்திருக்கின்றது. அத்தலைமுறை நாமே.

இதற்குக் காரணம் யாவரும் அறிந்ததே. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். சுமாத்திராவுக்கு அப்பாலே கடலுக்கு அடியில் நிலம் அதிர்ந்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திலே ஆழிப்பேரலை எமது கிழக்குக் கரையை அடைந்தது. இலங்கையிலே முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். எமது மாவட்டத்திலே மாத்திரம் ஏறத்தாழ ஆயிரம் உயிர்கள் போயின. எம்மிற் பலர் அன்று பிறந்திருக்கவில்லை. பிறந்தவர்கள் தாயின் இடுப்பிலே இருந்தார்கள். ஆகவே அந்த அலையை நாம் காணவில்லை. ஆயினும் அந்த அலைக்கு அஞ்சுகின்றோம். கண்ணாலே காணாத ஒன்றுக்கு இத்தனை அச்சம் எமக்கு எங்கிருந்து வந்தது? அன்னையரின் முகத்திலிருந்து வந்தது. ஒவ்வோராண்டும் டிசெம்பர் 26ஆம் நாள் காலை 9.25க்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம் காக்கும்போது, வீட்டிலே அம்மம்மாவின் கை நடுங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

பெரியோர்களே, இதைச் சொல்லுவதனால் உங்கள் அச்சத்தை நாம் இகழுகின்றோம் என்று எண்ணவேண்டாம். உங்கள் தலைமுறைக்கு ஓர் அச்சம் மாத்திரமா வந்தது? 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மேற் குண்டு பொழிந்ததை உங்கள் பெற்றோர் கண்டனர். 1983 முதல் 2009 வரை நடந்த போரை நீங்கள் கண்டீர்கள். கடலுக்குப் போவதற்கு நேரமும் தூரமும் மற்றவர்கள் விதித்த காலத்தைக் கண்டீர்கள். அதன் நடுவே ஆழிப்பேரலையும் வந்தது. இத்தனைக்குப் பிறகும் பிள்ளைகளைப் படிக்கவைத்து ஆளாக்கினீர்களே, அது பெரிய தைரியம். எமது கேள்வி வேறு. உங்களுக்கு அனுபவத்தால் வந்த அச்சம், அனுபவமில்லாத எமக்கும், எமக்குப் பின்னுள்ள பாலர்களுக்கும் அப்படியே கைமாறிப் போகவேண்டுமா?

அச்சம் எவ்வாறு கைமாறுகின்றது என்பதை அமெரிக்க உளநூல் ஆராய்ச்சியாளர் சிலர் அழகாகக் காட்டியிருக்கின்றார்கள். 1985ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சி அது. ஒரு மேசையின் மேலே தடித்த கண்ணாடி பரப்பப்பட்டிருக்கும். பாதிவரையிலே கண்ணாடிக்குக் கீழே தளம் ஒட்டினாற்போல இருக்கும். அதற்கப்பால் தளம் சற்றுத் தாழ்ந்து, பள்ளம் போலத் தோன்றும். ஒரு வயதுக் குழந்தை தவழ்ந்து அந்த இடத்துக்கு வந்ததும், போவதா நிற்பதா என்று தெரியாமல் எதிரே நிற்கும் தாயின் முகத்தை நிமிர்ந்து பார்க்கும். தாய் மகிழ்ச்சி முகங் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பள்ளத்தைக் கடந்து தாயிடம் வந்தன. தாய் பயந்த முகங் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுதானும் கடக்கவில்லை. கண்ணாடி ஒன்றே; பள்ளமும் ஒன்றே. வேறுபட்டது தாயின் முகம் மாத்திரமே.

இதிலிருந்து நாம் அறிவது யாது? பிள்ளைக்கு நாம் சொல்லும் புத்திமதியிலும் பார்க்க, சொல்லும்போது எமது முகம் எப்படி இருக்கின்றது என்பதே பெரிது. “பயப்படாதே” என்று வாயாற் சொல்லிக்கொண்டு கையை இறுக்கிப் பிடித்தால், பிள்ளை கையைத்தான் நம்பும். அப்படியானால் பயமில்லாதவர் போல நடிப்பதா? அதுவும் உதவாது. பிள்ளைகள் நடிப்பைக் கண்டுபிடிப்பதில் எம்மிலும் கெட்டிக்காரர்.

வழி ஒன்று உண்டு. அதையும் நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பெண்மணி காட்டிவிட்டார். மேரி கவர் ஜோன்ஸ் என்பவர் 1924ஆம் ஆண்டிலே பீற்றர் என்ற மூன்று வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். அவனுக்கு முயலைக் கண்டாற் பெரும் பயம். அந்த அம்மையார் அவனை அதட்டவுமில்லை. முயலைத் தூக்கி மடியிற் போடவுமில்லை. அவன் விரும்பியதை உண்ணும் வேளையிலே கூட்டிலடைத்த முயலைத் தூரத்தில் வைத்தார். நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கிட்டக் கொண்டுவந்தார். முயலுக்கு அஞ்சாத மற்றப் பிள்ளைகளை அவனோடு விளையாடவிட்டார். முடிவிலே பீற்றர் முயலைத் தடவி விளையாடினான். தூரத்திலே தொடங்குதல், படிப்படியாகக் கிட்டுதல், நல்ல துணையோடு செல்லுதல் ஆகிய மூன்றுமே அம்மையாரின் வழி.

சென்ற ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையிலே எமது மன்றத்து இளைஞர் நாம், ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் 28 பேரை உப்புவெளிக் கரைக்கு அழைத்துச் சென்றோம். அந்த ஒரு நாளிலே நாம் கண்டவற்றைச் சபையோருக்குச் சொல்லவேண்டும். முதலில் அனுமதி கேட்டு வீடு வீடாகப் போனோம். “கன்னியாவுக்குக் கொண்டுபோங்கோ, வெந்நீர்க் கிணற்றிலே வார்த்துக்கொண்டு வரட்டும். கடல் மட்டும் வேண்டாம் தம்பி,” என்று பல தாய்மார் சொன்னார்கள். நாம் வாதாடவில்லை. “அம்மா, நீங்களும் வாருங்கள், பிள்ளையின் கையை நீங்களே பிடியுங்கள்,” என்றோம். பதினொரு தாய்மார் வந்தார்கள். இரண்டு அப்பப்பாமாரும் வந்தார்கள்.

கடற்றொழில் செய்யும் ஒரு பெரியவரை முன்னரே பார்த்துப் பேசியிருந்தோம். அவர் விடியவே வந்து கரையைப் பார்த்து, எந்த இடம் மணல் திடமானது, எந்த இடத்திலே நீர் இழுக்கும் என்று சொல்லி, இரண்டு கம்புகளை நட்டுக் கயிறு கட்டினார். அந்தக் கயிற்றுக்கு அப்பால் எவரும் போகக்கூடாது என்பது சட்டம். வெற்றுப் பிளாஸ்ரிக் கான்களை மூடி இறுக்கி, கயிறு கட்டிக் கையிலே வைத்துக்கொண்டோம்; ஒருவர் தவறினால் எறிவதற்கு அவை உதவும். நீந்தத் தெரிந்தவர்கள் எம்மில் நால்வரே. அந்த நால்வரும் கயிற்றின் ஓரத்திலே வரிசையாக நின்றார்கள்.

முதலாவது மணித்தியாலத்திலே எவரும் நீரில் இறங்கவில்லை. மணலிலே வட்டமாக இருந்து, ஒவ்வொருவரும் தமக்கு எதிலே பயம் என்று சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. பிள்ளைகள் வெட்கப்பட்டார்கள். ஆகவே பெரியவர்களிடம் தொடங்கினோம். எம்மில் ஒருவர், “எனக்கு நீந்தத் தெரியாது, இடுப்பளவு நீரிலே கால் நடுங்கும்,” என்றார். பிள்ளைகள் வியந்து பார்த்தார்கள். ஓர் அப்பப்பா, 2004ஆம் ஆண்டிலே தாம் ஓடிய பாதையைக் கையாலே காட்டிச் சொன்னார். அதற்குப் பிறகு தாம் ஒருநாளும் கடலிலே கால் வைத்ததில்லை என்றும் சொன்னார். எவரும் பேசவில்லை. அப்பொழுது எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, “அப்பப்பா, நான் உங்கட கையைப் பிடிக்கிறன், வாருங்கோ,” என்றாள்.

அவர் போனார். கணுக்கால் வரையிலே போய் நின்றார். அலை வந்து காலை நனைத்துத் திரும்பியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றதை நாம் பார்த்தோம். யார் யாருக்குத் தைரியம் கொடுத்தார் என்று அன்று எம்மாற் சொல்ல முடியவில்லை. ஒன்று மாத்திரம் தெரிந்தது. பிள்ளைக்காக இறங்கிய பெரியவரைக் கண்டதும், மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கணுக்கால், பிறகு முழங்கால், அதற்குமேல் அன்று இல்லை. மத்தியானம் கரையேறிச் சோறு உண்டோம். ஒரு சிறுவன் கடைசிவரையும் இறங்கவேயில்லை. அவனை ஒருவரும் பரிகசிக்கக்கூடாது என்று முன்னரே சொல்லியிருந்தோம். அவன் கயிற்றுக் கம்புக்குக் காவற்காரனாக இருந்து, “அண்ணா, வெளியே போகாதையுங்கோ,” என்று எமக்கே சட்டஞ் சொன்னான். அவனுடைய பங்கு அன்று அதுவே. அடுத்த முறை அவன் கணுக்கால் நனைத்தால் நாம் மகிழ்வோம், நனைக்காவிட்டாலும் காத்திருப்போம்.

இனி, அச்சத்தை முழுவதும் துடைத்தெறிய வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அஞ்சவேண்டியதற்கு அஞ்சாதிருத்தல் அறிவீனம் என்று அறிவுடைமை அதிகாரத்திலே திருவள்ளுவர் விளங்கச் சொல்லியிருக்கின்றார். கடல் அஞ்சத்தக்கதே. நீரில் மூழ்கி 2021ஆம் ஆண்டிலே உலகத்தில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் மாண்டனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கின்றது. அவர்களிற் பெருந்தொகையினர் பிள்ளைகளும் இளைஞருமே. நீரின் பக்கமே போகாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளையும் ஒருநாள் தோழரோடு குளத்துக்குப் போகும், கடலுக்குப் போகும். அன்று அதற்குத் துணையாக வருவது அச்சமா, அறிவா? அச்சம் மாத்திரம் வந்தால், நீர் இழுக்கும்போது பிள்ளை கரையை நோக்கி நீரோட்டத்தை எதிர்த்து நீந்திக் களைத்துப் போகும். அறிவு வந்தால், பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்டு, கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டிலே நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு விலகிய பின் கரையை நோக்கி வரும். இழுவை நீரோட்டம் அகலங் குறைந்தது என்ற ஒரு சிறு உண்மையைத் தெரிந்திருப்பதனால் ஓர் உயிர் பிழைக்கும்.

ஆழிப்பேரலைக்கும் இதுவே நியாயம். சுமாத்திராவுக்கு மேற்கே சிமலூ என்றொரு தீவு உண்டு. 2004ஆம் ஆண்டின் நிலநடுக்கம் அதற்கு மிகவும் கிட்டவே நிகழ்ந்தது. சில நிமிடங்களிலே அலை வந்துவிட்டது. ஆயினும் ஏறத்தாழ 78,000 மக்களிலே மாண்டவர் எழுவரே. காரணம் என்ன? 1907ஆம் ஆண்டிலே அங்கே ஒரு பேரலை வந்து பலரைக் கொன்றது. பிழைத்தவர்கள் அதற்கு ‘ஸ்மொங்’ என்று பெயரிட்டு, நிலம் அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடவேண்டும் என்பதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். 97 ஆண்டுகள் அந்தக் கதை பாட்டியின் வாயிலிருந்து பேரனின் காதுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அச்சத்தையே அவர்களும் கைமாற்றினார்கள். ஆனால், என்ன செய்யவேண்டும் என்ற அறிவையும் அதனுடன் சேர்த்துக் கொடுத்தார்கள். அதே நாளிலே தாய்லாந்தின் புக்கெட் தீவிலே, ரில்லி சிமித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி, கடல் நுரைத்துக் கொதிப்பதைக் கண்டு, இரண்டு கிழமைக்கு முன்னர் பூமிசாத்திர வகுப்பிலே படித்ததை நினைவுகூர்ந்து பெற்றோரை எச்சரித்தாள். பெற்றோர் அவளுடைய சொல்லைக் கேட்டதனால் அந்தக் கரையிலே ஏறத்தாழ நூறு பேர் பிழைத்தனர். பிள்ளை சொல்லும்போது பெரியவர்கள் கேட்பதும் ஒரு தைரியமே.

எமது நாட்டிலும் இன்று நிலைமை மாறியிருக்கின்றது. 2004ஆம் ஆண்டிலே இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு இருக்கவில்லை. பின்னர் அது அமைந்தது. 2012 ஏப்ரல் 11ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெருநடுக்கம் ஏற்பட்டபோது, கரையோர மக்கள் எச்சரிக்கை கேட்டு உள்நாட்டுக்கு விலகினார்கள். பேரலை வரவில்லை, ஆயினும் மக்கள் வழி அறிந்து நடந்தார்கள். அந்த வழியை எமது பாலர்களும் அறியவேண்டும்.

இங்கே சகோதரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2004ஆம் ஆண்டு அழிவின் பின் ஒக்ஸ்பாம் நிறுவனம் வெளியிட்ட அறிக்கையொன்று, பல இடங்களிலே ஆண்களிலும் பார்க்கப் பெண்களே அதிகம் மாண்டனர் என்று கூறுகின்றது. இலங்கையிலே நீந்தவும் மரமேறவும் பையன்களுக்கே பழக்கப்படுகின்றது, பெண்பிள்ளைகளுக்கு அது இல்லை என்பதையும் ஒரு காரணமாக அது காட்டுகின்றது. தாய்மார்களே, இதைச் சற்றே சிந்தியுங்கள். அடக்கம் பெண்ணுக்கு அணி என்று நாம் சொல்லுகின்றோம், நன்று. ஆயினும் நீர் ஏறிவரும்போது அடக்கம் ஒருத்தியை மிதக்கவைக்க மாட்டாது. எமது தங்கையருக்கு ஏற்ற உடையோடும், பெண்களே பழக்கும் ஏற்பாட்டோடும், நீச்சல் பழக்குவது எம்மவரால் முடியாத காரியமன்று.

சுவாமி விவேகானந்தரின் வாழ்விலே நிகழ்ந்த ஒன்றை இங்கே நினைவூட்ட விரும்புகின்றோம். காசியிலே அவர் ஒரு வழியாலே போகும்போது குரங்குக் கூட்டம் ஒன்று அவரைத் துரத்தியது. அவர் ஓட ஓட அவையும் நெருங்கின. அப்பொழுது முதிய சந்நியாசி ஒருவர், ஓடாமல் திரும்பி நின்று எதிர்கொள்ளும்படி கூவினார். சுவாமிகள் திரும்பி நின்றார்; குரங்குகள் பின்வாங்கி ஓடின. இக்கதையைச் சொல்லும்போது யாவரும் சுவாமிகளின் வீரத்தையே புகழ்வர். நாம் அந்த முதிய சந்நியாசியையும் நினைக்கின்றோம். பக்கத்திலே நின்று சரியான வேளையிலே சரியான வார்த்தையைச் சொல்ல ஒரு பெரியவர் இருந்தார். அவ்வாறு நிற்கும் பெரியவர்களையே எமது பிள்ளைகளும் இன்று எதிர்பார்க்கின்றார்கள்.

ஆகவே, எமது மன்றத்தின் முன்னே நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, ஒவ்வோராண்டும் கடல் அமைதியாயிருக்கும் ஆகஸ்ட் விடுமுறையிலே பிள்ளைகளின் கடற்கரைச் சுற்றுலாவை மன்றம் நடத்தவேண்டும்; பெற்றோருள் ஒருவராவது பிள்ளையோடு வரவேண்டும். வாடை காலத்திலே அந்தக் கரைக்கு ஒருபோதும் போகக்கூடாது.

இரண்டாவது, அனுபவமுள்ள கடற்றொழிலாளர் ஒருவரையும் நீச்சல் தெரிந்தவர்களையும் அழைத்தே போகவேண்டும். கடலை அவர்களிலும் நன்றாக அறிந்த ஆசிரியர் எமக்குக் கிடையார்.

மூன்றாவது, பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் நீச்சல் பழக்கும் ஏற்பாட்டைத் தொடங்கவேண்டும். கணுக்காலிலே தொடங்குவோம். நிலாவெளிக்கு அப்பாலே ஒரு கிலோமீற்றர் தூரத்திலே உள்ள புறாத்தீவின் பவளப்பாறைகளையும் மீன்களையும் எமது பிள்ளைகளே நீரிலே முகம் வைத்துப் பார்க்கும் நாள் வரட்டும். 2003ஆம் ஆண்டிலே தேசிய பூங்காவாக்கப்பட்ட அந்தத் தீவைப் படத்திலே மாத்திரம் பார்த்தவர்கள் எம்மூரிலே எத்தனை பேர்!

நான்காவது, டிசெம்பர் 26ஆம் நாள் மௌனத்துக்குப் பின்னர், அன்றைய நாளைக் கண்ட பெரியவர் ஒருவர் ஞாயிறு வகுப்பிலே பிள்ளைகளுக்கு அதைச் சொல்லவேண்டும். அழுகை வந்தால் அழலாம். ஆனால் முடிவிலே, கடல் பின்வாங்கினால் எந்தப் பாதையாலே எந்த மேட்டுக்குப் போவது, முதலலைக்குப் பின் ஏன் திரும்பக்கூடாது என்பதைச் சொல்லித்தரவேண்டும். இறந்தோரை மறப்பது எமது நோக்கமன்று. அவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய உண்மையான அஞ்சலி, அவர்களைப் போல இனி எவரும் அறியாமல் அகப்படாதிருக்கச் செய்வதேயாகும்.

சபையோர்களே, நாமும் இன்னும் சில ஆண்டுகளிலே பெற்றோராவோம். எமது பிள்ளை அலையின் ஓரத்திலே நின்று, போவதா நிற்பதா என்று எமது முகத்தை நிமிர்ந்து பார்க்கும். அந்த நேரத்துக்கு முகத்தை அன்றைக்குத் தேடிக்கொள்ள முடியாது, இன்றைக்கே பழகவேண்டும். நாம் பழகுகின்றோம். நீங்களும் எங்களோடு வாருங்கள்.